நாலாம் அணியின் சட்டைகள்

பேனாட்டைப் பற்றி இப்போது டென்மார்க்கின் இந்த ஹொல்ஸ்டெப்ரோவில் யாரிடம் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். வெள்ளைக்காரியை வைத்திருந்தவன், கட்டின பெண்சாதி வந்து கையும் களவுமாகப் பிடித்துவிட்டு லண்டனுக்குப் போய்விட்டாள் என்பார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அந்த நாட்களில் இந்த ஊரிலேயே இல்லை. நான் இருந்தேன். அவனும் நானும் ஒரே வீட்டின் மேல்மாடியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருந்தோம். ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டினோம். அவன் கத்தோலிக்கன், நான் பெந்தெகொஸ்தே. என் பெயர் தேவநாயகம் என்றாலும் அவன் என்னைக் கூப்பிடுவது ‘அல்லேலூயா அண்ணை’ என்றுதான். அவனுடைய கதையைக் கேட்க விரும்புகிறவர்கள் இனி என்னிடம் கேட்கட்டும்.

பேனாட் மன்னாரில் பேசாலைக்காரன். பங்குக் கோயில் பந்தாட்டக் கழகத்துக்கு வலது ஓரத்தில் ஓடினவன். ஆள் கட்டை, கால் மெலிவு, ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டால் அவனுக்கு வேறொன்றும் கண்ணில் படாது. எண்பத்து நாலில் பற்றிமாவை விரும்பிக் கட்டினான். பெண் வீட்டாருக்கு அவனைப் பிடிக்கவில்லை. கடலுக்குப் போகிறவன், பந்தடித்துத் திரிகிறவன், இவனை நம்பி எப்படிப் பெண் கொடுப்பது என்றார்கள். பங்குச் சுவாமியார் நடுவில் நின்று பேசித்தான் தாலி ஏறியது. ஒரு வருடம் முழுதாக ஆகவில்லை. ஆமி ஊரைச் சுற்றி வளைத்து இளைஞர்களை அள்ளத் தொடங்கியதும் இவன் ஏஜென்சிக்காரன் பின்னால் புறப்பட்டுக் கிழக்கு ஜேர்மனி வழியாக டென்மார்க்குக்குள் வந்து விழுந்தான்.

எண்பத்தேழில் அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்ட கையோடு பற்றிமாவை அழைப்பதற்கு விண்ணப்பம் போட்டான். அகதியானவன் பெண்சாதி பிள்ளையைக் கூப்பிடலாம் என்று இந்த நாட்டுச் சட்டத்திலேயே இருந்தது. சில மாதத்தில் வந்துவிடுவாள் என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் எங்களுக்குத் தெரியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. தமிழரின் விண்ணப்பங்களைத் தொடவேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்று நீதி அமைச்சர் மேலே இருந்து சொல்லிவிட்டார். சட்டம் வெளியே, கோப்பு மேசை லாச்சிக்குள்ளே. பொலிஸ் கந்தோரில் போய்க் கேட்டால் ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். அந்தச் சிரித்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும்.

இதைப் பற்றிமாவின் வீட்டார் நம்பவில்லை. ஏன் நம்புவார்கள்? கனடாக்காரன் கூப்பிடுகிறான், லண்டன்காரன் கூப்பிடுகிறான், பேசாலையிலிருந்து மாதத்துக்கு ஒரு பெண்ணாவது விமானம் ஏறுகிறாள். டென்மார்க்கில் இருக்கிற மருமகன் மட்டும் ‘விசா தருகிறார்கள் இல்லை’ என்கிறான். வெள்ளைக்காரன் தான் எழுதின சட்டத்தைத் தானே மீறுவானா? அப்படியானால் பொய் சொல்வது யார்? இப்படித்தான் அங்கே கணக்குப் போட்டார்கள்.

பற்றிமாவின் மூத்த அண்ணன் யேசுரட்ணம் லண்டனில் பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தான். அந்தக் குடும்பத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். ‘நான் நேரில் போய் ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று ஊருக்குத் தகவல் அனுப்பிவிட்டு எண்பத்தெட்டு இலையுதிர் காலத்தில் கப்பலேறி எஸ்பியர்க் துறைமுகத்தில் வந்து இறங்கினான். பற்றிமாவும் தொலைபேசியில் பேனாட்டுக்கு ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அண்ணன் என்ன சொல்கிறானோ அதைத்தான் தானும் நம்பப் போகிறாள். காத்திருப்பதா, தலை முழுகுவதா என்று அவன் வாயிலிருந்து வரவேண்டும்.

பேனாட் பதறிப்போனான். அறையைக் கழுவினான். யன்னலைத் துடைத்தான். பிறகு என்னிடம் வந்து, “அண்ணை, சனிக்கிழமை மச்சானை மட்சுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன்” என்றான்.

“உனக்கென்ன விசரோ? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூட்டிக்கொண்டு போ. நல்ல பிள்ளை எண்டு நினைப்பான்.”

“பூசையில நான் கடைசி வாங்கில ஒரு மூலையில இருக்கிறவன், அண்ணை. தொழிற்சாலையில நான் ஒரு நம்பர். கழகத்தில மட்டுந்தான் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்கள். இஞ்ச நானும் ஒரு மனிசனாத்தான் இருக்கிறன் எண்டு அவர் பாக்கோணும்.”

கழகம் என்று அவன் பெருமையாகச் சொன்னது எங்கள் பக்கத்து ஊர்க் கழகத்தின் நாலாம் அணியை. முதலாம் அணிக்கே பார்க்க ஆள் வராது. நாலாம் அணி விளையாடியது நாட்டின் கடைசிப் பிரிவில். அதற்குக் கீழே இனி மாடுகள்தான் விளையாட வேண்டும். தச்சன், தபால்காரன், பன்றி வளர்க்கிறவன், வயிறு வைத்த வாத்தியார் என்று ஒரு கூட்டம். அவர்களுக்குள் பேனாட் ஒருவன்தான் ஓடக்கூடியவன். அதனால் அவனைத் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சட்டை, களிசான், காலுறை எல்லாவற்றையும் கழற்றி ஒரே பைக்குள் எறிவார்கள். அந்தப் பையை ஒரு வீட்டுக்காரர் கொண்டுபோய்த் தோய்த்து, அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டு வருவார்கள். இந்த வாரம் இந்த வீடு, அடுத்த வாரம் அடுத்த வீடு. அணியில் உள்ள எல்லா வீட்டுக்கும் முறை உண்டு. பேனாட்டுக்கு வீடும் இல்லை, தோய்க்கும் யந்திரமும் இல்லை. ஆகவே அவனுடைய முறை வரும்போதெல்லாம் கோல் காப்பாளன் யென்ஸின் பெண்சாதி இங்கர் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நாற்பதைத் தொட்டவள், நெடுத்தவள், சத்தமாகச் சிரிக்கிறவள். நல்ல மனுஷி. அந்த நல்ல மனதால் வந்த வினைதான் எல்லாம்.

சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போனது. மைதானத்துக்கு ஒரு பக்கம் சோள வயல், மறுபக்கம் மாட்டுத் தொழுவம், நடுவில் எருவின் மணம். பார்க்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர், அவர்களோடு ஒரு நாய். யேசுரட்ணம் நீளக் கோட்டின் கழுத்தைத் தூக்கி விட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தான்.

“இதுவோ மட்ச்?” என்றான் என்னிடம். “லண்டனில என்ர வீட்டுக்குப் பக்கத்தில ஒரு கழகம் இருக்கு. நாலாம் டிவிசன்தான். அதுக்கே கூரை போட்ட கலரி, ரிக்கற், பொலிஸ் எல்லாம் இருக்கு. இதைப் பாக்கவோ என்னைக் கடல் தாண்டி வரச் சொன்னவன்?”

“நீங்கள் பேனாட்டைத்தானே பாக்க வந்தனீங்கள். அந்தா நிக்கிறான், பாருங்கோ” என்றேன்.

அவன் பார்த்தான். பார்த்த நேரம் அப்படி. முந்தின வாரம் பேனாட்டின் சட்டை தோளில் கிழிந்திருந்தது. இங்கர் அதைத் தைத்துத் தனியாகக் கொண்டு வந்திருந்தாள். மைதானக் கோட்டோரம் நின்ற பேனாட்டைக் கூப்பிட்டு, சட்டையை விரித்துக் காட்டி, தானே அவன் தலைக்கு மேலால் போட்டு இழுத்துவிட்டு, தையல் சரியாக இருக்கிறதா என்று தோளைத் தடவிப் பார்த்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோலத்தான் செய்தாள்.

“ஆர் அது?” என்றான் யேசுரட்ணம்.

நான் சொன்னேன். பை, முறை, தோய்ப்பு, யென்ஸ், கோல் காப்பாளன், எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்க்கவில்லை.

“வீட்டில மனிசி புருசன்ர உடுப்பைத் தோய்ப்பா. தாய் மகன்ர உடுப்பைத் தோய்ப்பா. இவ வந்து ஒரு ரீமின்ர உடுப்பு முழுக்கத் தோய்க்கிறாவாம். ஆருக்கு அண்ணை காது குத்துறியள்?”

“அவவின்ர புருசன் அந்தா கோலுக்கை நிக்கிறார், தம்பி.”

“நிக்கட்டும். அவங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை எண்டு எனக்குத் தெரியாதோ?”

பதினைந்து வருடம் லண்டனில் இருந்தவனுக்கு வெள்ளைக்காரரைப் பற்றி என்னைவிடக் கூடத் தெரியும் என்ற நினைப்பு. தெரிந்ததெல்லாம் பெற்றோல் அடிக்க வந்தவர்களின் முகம்தான்.

அன்றைக்கென்று பேனாட் பேய் பிடித்தவன்போல் ஓடினான். மச்சான் பார்க்கிறார் அல்லவா? இரண்டாம் பாதியில் மூலைப் பந்து வந்தது. அது வாத்தியாரின் வயிற்றில் பட்டு, பேனாட்டின் முழங்காலில் பட்டு, உள்ளே போய்விட்டது. அந்தப் பருவத்தில் அவன் போட்ட முதல் கோல். அணி முழுவதும் அவன் மேல் ஏறி விழுந்தது. ஆட்டம் முடிந்த விசில் ஊதியதும் இங்கர் மைதானத்துக்குள் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். அவள் எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். ஆனால் முதலில் பிடித்தது இவனை.

பேனாட் சேறு பூசின முகத்தோடு எங்களிடம் ஓடி வந்தான். அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இங்கரையும் கையில் பிடித்து இழுத்து வந்திருந்தான்.

“பாத்தீங்களே மச்சான்! இவதான் இங்கர். என்ர உடுப்பெல்லாம் இவதான் தோய்ச்சுத் தாறது. என்னைத் தன்ர சொந்தம் மாதிரித்தான் பாக்கிறா.”

எனக்கு அவன் வாயைப் பொத்தவேண்டும் போல இருந்தது. யேசுரட்ணம் இங்கருக்குக் கை கொடுத்தான். ஆட்டம் முடிந்து கழக வீட்டில் பியர் குடிப்பதை இங்கே மூன்றாம் பாதி என்பார்கள். அதற்கும் வந்தான். அவர்களின் பியரைக் குடித்தான், அவர்களின் சொசேச்சைத் தின்றான், பேனாட்டின் முதுகில் தட்டி, “நீர் இஞ்ச நல்லாத்தான் இருக்கிறீர், மச்சான்” என்றான். பேனாட் அதைக் கேட்டு மயங்கிப்போய், வீடு வரும்வரைக்கும் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். பாவிப் பயல்.

யேசுரட்ணம் லண்டன் போய்ச் சேர்ந்த கிழமையே ஊருக்குச் செய்தி போய்விட்டது. டென்மார்க் அரசாங்கம் ஒன்றும் மறிக்கவில்லை, மருமகனுக்கு அங்கே சமைக்க, தோய்க்க, கட்டிப்பிடிக்க ஒரு வெள்ளைக்காரி இருக்கிறாள், நான் என் கண்ணால் பார்த்தேன். சமைப்பதை அவன் பார்க்கவில்லை, ஆனால் சொல்லும்போது சேர்த்துக்கொண்டான். பற்றிமா தொலைபேசிக்கு வருவதை நிறுத்தினாள். பேனாட் மன்னார்த் தபால் கந்தோருக்கு நேரம் குறித்து அழைப்பு எடுப்பான், அங்கே ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். என்ன பிழை நடந்தது என்று அவனுக்கு விளங்கவே இல்லை. விசயத்தை யாரோ எட்டத்து உறவினர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிய வந்தது. அன்று முழுவதும் வேலைக்கு வராமல் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

எண்பத்தொன்பது தொடக்கத்தில் குட்டு உடைந்தது. தமிழரின் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்த கதை பத்திரிகைகளில் வந்தது, லாச்சிகள் திறபட்டன. பிறகு பல வருடம் விசாரணை நடந்து அரசாங்கமே கவிழ்ந்தது. பேனாட்டுக்கு அரசாங்கம் கவிழ்ந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன? அவன் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தான். நான் பக்கத்தில் நின்றேன்.

“மச்சான், பேப்பரில போட்டிட்டாங்கள். நான் பொய் சொல்லேல்லை. எங்கட ஆக்களை மட்டும் வேணுமெண்டு மறிச்சு வைச்சவங்களாம்.”

“சரி, அதை நம்புறன்” என்றான் யேசுரட்ணம். “மற்றதை எந்தப் பேப்பரில போட்டிருக்கு?”

பற்றிமா மே மாதத்தில் வந்தாள். அவனை நம்பி வந்தாள் என்று சொல்லமாட்டேன். ஊரில் இருக்க முடியாத நிலை, அனுமதியும் வந்துவிட்டது, உயிராவது மிஞ்சட்டும் என்று தகப்பன் ஏற்றிவிட்டார். பேனாட் இரண்டு அறை வீடு எடுத்து, திரைச்சீலை தொங்கவிட்டு, பந்தாட்டத்தையும் விட்டுவிட்டுக் காத்திருந்தான். அவள் வந்த அன்றே அவனுடைய உடுப்பு அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்து மணந்து பார்த்தாள். அவனோடு பேசுவது உப்பு, புளி, கதவுத் திறப்பு என்ற அளவில்தான். இரவில் கட்டில் அவளுக்கு, தரை அவனுக்கு.

அப்போது அவன் ஒரு முடிவு எடுத்தான். பற்றிமாவுக்கு இனி ஒரு சின்னப் பொய்கூடச் சொல்வதில்லை. “ரெண்டு வருசமா என்னைப் பொய்யன் எண்டவை, அண்ணை. இனி மருந்துக்கும் ஒரு பொய் என்ர வாயில வராது” என்றான். பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாலும் வீட்டுக்கு வந்து சொல்வான். பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

ஒருநாள் பற்றிமா என்னிடமே கேட்டாள்.

“அண்ணை, நீங்கள் பைபிளும் கையுமாத் திரியிற ஆள். எனக்குப் பொய் சொல்லாதையுங்கோ. அந்தப் பொம்பிளை ஆர்?”

நான் திரும்பவும் பையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தமையனைப் போல இல்லை. கடைசிவரை கேட்டாள். நம்பினாளோ தெரியாது, ஆனால் அன்றைக்குப் பிறகு வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. மீன் குழம்பு வைத்தாள். பேனாட் தரையிலிருந்து கட்டிலுக்கு ஏறினான், அதை அவன் சொல்லாமலே முகம் சொல்லியது. ஓகஸ்டில் புதிய பருவம் தொடங்கும்போது அவளே, “போய் விளையாடுங்கோ. நானும் ஒருநாள் வந்து பாக்கிறன்” என்றாள். பேனாட் வேலைக்கு வந்து இதை எல்லோருக்கும் சொல்லி, யென்ஸுக்கும் போய்ச் சொன்னான்.

யென்ஸ் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் பேனாட் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. பேனாட் கதவைத் திறந்தான். இங்கர் நின்றாள். ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் அந்தப் பெரிய பை. வழக்கப்படி பேனாட்டைக் கட்டிப்பிடித்துவிட்டு, பின்னால் வந்த பற்றிமாவையும் கட்டிப்பிடித்து, பூவைக் கொடுத்தாள். பற்றிமா சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். பிறகு இங்கர் அந்தப் பையைத் தூக்கி அவள் கையில் வைத்து, டேனிஷில் ஏதோ மகிழ்ச்சியாகச் சொன்னாள்.

“என்ன சொல்லுறா?” என்று பற்றிமா புருசனைக் கேட்டாள்.

எனக்கு டேனிஷ் விளங்கும். ‘உங்களுக்கு நல்வரவு என்று சொல்கிறாள்’ என்று சொல்லியிருந்தால் போதும். வேறெந்தப் புருசனும் அதைத்தான் சொல்லியிருப்பான். நான் பேனாட்டுக்குக் கண்ணைக் காட்டினேன், அவன் என்னைப் பார்க்கவில்லை.

“இவ்வளவு நாளும் என்ர உடுப்பெல்லாம் தான்தான் தோய்ச்சவவாம். இப்ப வீட்டுக்கு மனிசி வந்திட்டாவாம். இனி நீர்தான் தோய்க்கோணுமாம்.”

பற்றிமா பையைக் கீழே வைக்கவில்லை. வந்து மூன்று மாதத்தில் படித்த ஒரே ஒரு டேனிஷ் சொல் அவளிடம் இருந்தது. “தக்” என்று நன்றி சொன்னாள். இங்கர் அவளை இன்னொருமுறை கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

நானும் பேனாட்டும் மாறி மாறி விளங்கப்படுத்தினோம். பையைத் திறந்து காட்டினோம். “பாரும், பதினாலு சட்டை. என்ரது ஒண்டுதான்” என்று பேனாட் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினான். அவள் அவனை மறிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்தாள். அவ்வளவு உடுப்பையும் கையாலேயே தோய்த்தாள், காயவைத்தாள், மினுக்கினாள், மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“நீங்கள் பொய் சொல்லுறியள் எண்டு நான் சொல்லேல்லை” என்றாள் அவனிடம். “ஆனா அவ என்ர வாசலில வந்து, என்ர கையில தந்திட்டுப் போறா. இதைப் பொறுக்க எனக்கு ஏலாது. என்னை அண்ணையிட்ட விடுங்கோ.”

யேசுரட்ணம் வந்து கூட்டிப்போனான். போகும்போது, “என்ர தங்கச்சியைப் பதினாலு வெள்ளைக்காரன்ர ஊத்தை தோய்க்க வைச்சிட்டாய்” என்று பேனாட்டைப் பார்த்துச் சொன்னான். முன்பு சொன்ன ‘நீர்’கூட இப்போது இல்லை. ஊரிலே தோய்க்கிறவர்களைச் சாதி சொல்லி வாசலில் நிறுத்தின வீட்டுப் புத்தி. அறைந்திருப்பேன். பேனாட் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

கத்தோலிக்கருக்கு விவாகரத்து இல்லை. அவளுக்கும் வேறு வாழ்க்கை இல்லை, இவனுக்கும் இல்லை. அவள் திரும்பி வந்தால்தான் உண்டு. என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். இங்கரின் வாயாலேயே உண்மையைச் சொல்லவைத்தால் பற்றிமா நம்புவாள். பற்றிமாவுக்கு ஆங்கிலம் விளங்கும், இங்கருக்குப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் கொஞ்சம் வரும்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து மூன்றாம் பாதி நடக்கும்போது, கழக வீட்டில் இங்கரைக் கூப்பிட்டுத் தனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னான். நானும் கூட இருந்தேன். அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, “நானா? இவனோடா?” என்று கேட்டாள். யென்ஸின் வாயிலிருந்து பியர் சீறிக்கொண்டு வந்தது. வாத்தியார் மேசையில் குத்திச் சிரித்தார். கெட்ட மனதோடு சிரிக்கவில்லை. தங்களுக்குப் பிடித்த ஒருவனின் வீட்டில் நடந்த பகிடி என்றுதான் சிரித்தார்கள். அதைப்போல ஒரு கொடுமையை நான் பார்த்ததில்லை.

“சொல்லுகிறேன், கட்டாயம் சொல்லுகிறேன்” என்றாள் இங்கர். சுவரில் காசு போடும் தொலைபேசி இருந்தது. பேனாட் லண்டன் இலக்கத்தைச் சுழற்றினான். நல்ல காலமோ கெட்ட காலமோ, பற்றிமாதான் எடுத்தாள்.

“போனை வையாதையும், பற்றிமா. ஒரு நிமிசம். அவவையே கதைக்கச் சொல்லுறன். அவவின்ர வாயாலயே கேளும். கேட்டிட்டு என்ன முடிவெண்டாலும் எடும்.”

இங்கர் றிசீவரை வாங்கினாள். முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, “ஹலோ, பற்றிமா” என்றாள். நான் உன் புருசனுக்கு ஒன்றும் இல்லை என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். பாதி வசனத்தில் யென்ஸ் பின்னால் நின்று உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போட்டான். அவளால் அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். மறுபடி தொடங்கினாள், மறுபடி சிரித்தாள், கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தாள். அவளோடு சேர்ந்து கழக வீடு முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அத்தனையும் கம்பி வழியாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பேனாட் றிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தான். “பற்றிமா” என்றான். இன்னொருமுறை “பற்றிமா” என்றான். மறுமுனையில் வைத்தாகிவிட்டது, பக்கத்தில் நின்ற எனக்கும் அந்த வெறும் இரைச்சல் கேட்டது. பிறகு அதைக் கொளுவியில் மாட்டினான்.

இங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “என்ன சொன்னாள்?” என்று கேட்டாள்.

“அவளும் சிரித்தாள்” என்றான் பேனாட்.

எல்லோரும் போத்தலைத் தூக்கி அவனுக்காகக் குடித்தார்கள்.